கரையாத மருந்து

அவர் சட்டைப் பையில் பேனா இருக்காது, சீப்பு இருக்காது. லிட்மஸ் தாள் இரண்டு கட்டு இருக்கும், நீலம் ஒன்று, சிவப்பு ஒன்று. குழாய்க்கும் கதவுக் கைப்பிடிக்கும் முலாம் பூசும் பட்டறையில் இருபத்தாறு வருஷமாகத் தொட்டிகளைக் கவனித்துக்கொள்கிறவர். அமிலத் தொட்டியில் அமிலம் இருக்கிறதா, கழுவுகிற தண்ணீரில் அமிலம் இல்லாமல் இருக்கிறதா என்று தாளை நனைத்து நனைத்துப் பார்ப்பதுதான் பிழைப்பு. அதனால் பட்டறையில் அவருக்கு லிட்மஸ் என்றே பெயர் விழுந்துவிட்டது. முதலாளியே அப்படித்தான் கூப்பிடுவார். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி.

பட்டறைப் புத்தியைப் பட்டறையிலேயே கழற்றி வைத்துவிட்டு வருகிற ஆளும் இல்லை. கல்யாணமான புதிதில் மனைவி ஆசையாகப் பிழிந்து கொடுத்த எலுமிச்சை ஜூஸில் நீலத் தாளை நனைத்துப் பார்த்தார்.

"சிவப்பாயிடுச்சு," என்றார்.

"எலுமிச்சம்பழம் வேற எப்படிங்க ஆகும்?"

"இல்ல, பார்த்துக்கறது நல்லதுதானே."

இந்த மனுஷரோடு குடும்பம் நடத்தத் தனியாகப் பொறுமை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவளுக்கு அன்றைக்கே விளங்கிவிட்டது. வாங்கியும் வைத்தாள். வீட்டின் முன்னறையில் தையல் மெஷின் போட்டு, விடுதிகளுக்குத் தலையணை உறை தைத்துக் கொடுக்கிறவள். ஒரு நாளைக்கு அறுபது உறை. நேராக ஓட வேண்டிய தையல் கோணினால் பிரித்துவிட்டு மறுபடி தைப்பதில் அவளுக்குச் சலிப்பு வந்ததே கிடையாது.

அவருக்கு நெஞ்செரிச்சல் தொடங்கி மூன்று வருஷம் இருக்கும். மத்தியானம் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, கை கழுவிய ஈரம் காய்வதற்குள் தொட்டிமேல் குனிந்து, சாமான்களை மாட்டித் தொங்கவிட்ட கொக்கிச் சட்டங்களைத் தூக்குகிற வேலை. குனிந்தால் புளிப்பு மேலே ஏறும். அதற்கு அவர் தானே ஒரு வைத்தியம் கண்டுபிடித்திருந்தார். மென்று தின்கிற சுண்ணாம்பு மாத்திரை. பட்டறையில் அமிலத்தில் முக்கிய சாமானைச் சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் முக்கினால் அமிலம் அடங்குகிற மாதிரி, மாத்திரையை மென்றதும் எரிச்சல் அடங்கியது.

"வயிறும் ஒரு தொட்டிதான். அமிலம் பொங்கினா கொஞ்சம் காரம் போட்டு அடக்கணும். இதுக்குப் போய் டாக்டர் எதுக்கு?" என்பார்.

முதலில் நாளுக்கு இரண்டு மாத்திரை. பிறகு ஆறு. பிறகு டப்பாவையே இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தார். உதட்டோரம் எப்போதும் வெள்ளையாக இருக்கும். ஒருநாள் காலையில் தன் தலையணையில் எச்சில் வடிந்த ஈரத்தில் நீலத் தாளை ஒற்றி எடுத்துவந்து, தாள் சிவந்ததை அவளிடம் ஏதோ பரிசு வாங்கியவர் மாதிரி காட்டினார். தூக்கத்தில் அந்தப் புளிப்பு தொண்டைவரை வந்து போகிறதென்றால் உள்ளே என்ன கதியில் இருக்குமோ என்று பயந்தாள்.

வறட்டு இருமல் வந்து, குரலும் கரகரத்த பிறகு அவரை இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனாள். கூட்டம் அதிகம் என்று ஒருவரை மட்டும்தான் உள்ளே விட்டார்கள். அவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் உள்ளே என்ன சொன்னார் என்பது அவள் காதில் விழவில்லை. விழுந்திருந்தால் இந்தக் கதையே வேறு.

"ரெண்டு மாசத்துக்கு இந்த கேப்சூல், தினம் ஒண்ணு," என்று சீட்டை மடித்துப் பையில் வைத்தபடி அவர் வெளியே வந்தார். அவ்வளவுதான் சொன்னார். முதல் நாள் ஒன்றை முழுங்கிவிட்டு ஒரு மணி நேரம் காத்திருந்தார். எரிச்சல் அப்படியே இருந்தது. அவர் முகம் மாறியது.

மறுநாள் சாயங்காலம் மழையில் நனைந்துகொண்டே வந்தவர், செருப்பைக் கழற்றும் முன்பே சாப்பாட்டுப் பையிலிருந்து இரண்டு கண்ணாடிக் குப்பிகளை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இங்க வா. வந்து பாரு."

"தலையத் துவட்டுங்க முதல்ல."

"அது கிடக்கட்டும். ரெண்டுலயும் நம்ம தொட்டி அமிலம், தண்ணி கலந்து வெச்சிருக்கேன். வயித்துல இருக்கிற மாதிரியே. இந்தக் குப்பில நான் மெல்ற மாத்திரை. போட்ட உடனே நுரைச்சுச்சு, புஸ்ஸுன்னு. தாள் வெச்சேன், அமிலம் காலி. இதுல டாக்டர் குடுத்தது. பத்து மணிக்குப் போட்டேன். மணி இப்ப என்ன?"

"ஆறரை."

"நல்லாப் பாரு."

அவள் குனிந்து பார்த்தாள். கேப்சூலின் ஓடு மட்டும் இளகிப் பிரிந்திருந்தது. உள்ளே இருந்த சின்னச் சின்ன வெள்ளை உருண்டைகள் கடுகு கொட்டிய மாதிரி அடியில் அப்படியே கிடந்தன. அவர் குப்பியைக் குலுக்கினார். உருண்டைகள் எழும்பி மறுபடி அடியில் போய் உட்கார்ந்தன.

"கல்லு மாதிரி கிடக்கு. கரையவே இல்ல. தாளும் சிவப்புதான். அமிலத்துல கரையாத மருந்து அமிலத்த எப்படி அடக்கும், சொல்லு?"

"டாக்டர் தெரியாமயா எழுதுவாரு?"

"அவரு தொட்டியப் பார்த்திருக்காரா? நான் பார்த்திருக்கேன்."

அட்டை அட்டையாக இருந்த கேப்சூல்களைக் குப்பைக் கூடையில் போட்டார். போட்டுவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டு, ஒரு வெள்ளை மாத்திரையை வாயில் போட்டு மென்றார். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது, அவரைப் பொறுத்தவரை.

அவர் குளிக்கப் போனதும் அவள் கூடையிலிருந்து அட்டைகளை எடுத்துத் துடைத்து, மெஷின் மேஜையின் இழுப்பறையில், நூல்கண்டுகளுக்கு அடியில் வைத்தாள். டாக்டர் எழுதியது பொய்யாக இருக்காது. கண்ணால் பார்த்ததும் பொய்யில்லை, அது கரையத்தான் இல்லை. யோசித்து யோசித்து அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். கரையவில்லை என்றால் கரைகிற மாதிரி செய்துவிட்டால் போகிறது.

அன்றிலிருந்து ஏழு மணிக்கு இராச் சாப்பாடு முடிந்ததும் அவர் குடிக்கிற பாலில் மருந்து ஏறியது. கேப்சூலைத் திருகித் திறந்து, உருண்டைகளைத் தட்டில் கொட்டி, கரண்டியின் முதுகால் அழுத்தித் தேய்ப்பாள். நொறுக் நொறுக்கென்று உடையும். மாவாகும்வரை விடமாட்டாள். சர்க்கரையை ஒரு கரண்டி கூடப் போட்டுச் சூடாக ஆற்றிக் கொடுப்பாள்.

நாலாவது நாள் அவர் ஒரு வாய் குடித்துவிட்டு நிறுத்தினார்.

"பால் ஒரு மாதிரி கசக்குதே."

அவர் சட்டைப் பைக்குள் கையை விட்டார். நீலத் தாளைக் கிழித்துப் பாலில் நனைத்தார். விளக்கு வெளிச்சத்தில் பிடித்தார். தாள் நீலமாகவே இருந்தது.

"பாலு நல்லாத்தான் இருக்கு. என் நாக்குதான் செத்துப்போச்சு," என்று மிச்சத்தையும் குடித்தார்.

இவ்வளவு வருஷத்தில் அந்தத் தாள் அவளுக்குச் சாதகமாக நின்றது அன்று ஒரு நாள்தான். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கட்டின புருஷனை ஏமாற்றுகிறோமே என்று அழுகையும் வந்தது. கப்பைக் கழுவப் போகிறவள் மாதிரி எழுந்து போய்விட்டாள்.

ஒரு மாதம் முடிந்து அட்டைகள் தீர்ந்தன. அவளே மருந்துக்கடைக்குப் போய் இரண்டாம் மாதத்துக்கு வாங்கினாள். கடையில் இருக்கிற அக்கா மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "எப்படிம்மா இருக்காரு? எரிச்சல் குறைஞ்சுதா?" என்று கேட்டாள்.

"குறையலக்கா."

"வேளாவேளைக்குப் போடுறாரா?"

"ஒரு நாள் தவறலக்கா," என்றாள். அது உண்மைதான். அதற்குமேல் அந்த அக்கா ஏதாவது கேட்டுவிடப் போகிறாளே என்று பொட்டலத்தை வாங்கியதும் நடையைக் கட்டினாள்.

மழை விட்டபாடில்லை. ஈரக் காற்றில் பட்டறைப் புகை மேலே போகாமல் ஆள் உயரத்திலேயே நின்றது. அவர் இருமிக்கொண்டே போனார், இருமிக்கொண்டே வந்தார். சாப்பாட்டு டப்பாவில் ரொட்டி திரும்பி வர ஆரம்பித்தது. முதலில் ஓரங்கள் மட்டும். பிறகு பாதி. பிறகு ஒரு கடி கடித்து வைத்த முழு ரொட்டி. வீட்டில் சாப்பிடும்போது ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து, நெஞ்சை நிமிர்த்தி, கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார்.

"எங்கங்க நிக்குது?"

அவர் நெஞ்சுக் குழிக்குக் கொஞ்சம் மேலே விரலை வைத்தார். "இங்க. கதவுல நின்னு யோசிச்சுட்டுதான் உள்ள போகுது."

விளையாட்டாகச் சொன்னார். ஆனால் அவருடைய பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டிருந்ததை அவள் பார்த்திருந்தாள். மருந்தும் கேட்கவில்லை, இது பெரிய வியாதிதான் என்று அவளுக்குள் ஒரு பயம் உட்கார்ந்துகொண்டது. தைத்த உறையையே மறுபடி தைத்தாள். ஊசி இரண்டு முறை விரலில் ஏறியது.

மறுபடியும் அவரை டாக்டரிடம் கூட்டிப் போனாள்; இந்தத் தடவை டாக்டர் வாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பார்த்தார். பார்த்து முடித்துவிட்டு இருவரையும் உள்ளே கூப்பிட்டார்.

"உணவுக்குழாயோட அடிப்பக்கம் பூரா புண்ணு. புண்ணு ஆறி ஆறி வழி சுருங்கியிருக்கு, அதான் சாப்பாடு நிக்குது. ரெண்டு மூணு எடத்துல சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருக்கேன். வெள்ளிக்கிழமை ரிசல்ட் வரும்." சீட்டைப் பார்த்தார். "ரெண்டு மாசம் கேப்சூல் எழுதியிருந்தேனே, ஒழுங்காப் போட்டீங்களா?"

அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு, "போட்டேன் சார். ஒரு நாள் விடல," என்றார்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பொய் சொல்லத் தெரியாத மனுஷர். ஆனால் அவர் சொன்னது பொய்யும் இல்லையே.

"அவ்வளவு மருந்துக்கும் இது கேக்கலன்னா நான் வேற மாதிரிதான் யோசிக்கணும். பெரிய ஆஸ்பத்திரிக்கு லெட்டர் தர்றேன், ஆபரேஷன் பண்றவங்க பார்க்கட்டும்," என்று டாக்டர் எழுதத் தொடங்கினார்.

வெளியே ஆஸ்பத்திரி வாசலில், தகரக் கூரைக்குக் கீழே மழைக்கு ஒதுங்கி நின்றார்கள். அவர் கடிதத்தை நனையாமல் சட்டைக்குள் வைத்தார்.

"ஒண்ணு சொன்னா திட்டமாட்டியே?"

"சொல்லுங்க."

"உள்ள பொய் சொல்லிட்டேன். முத நாள் ஒண்ணு போட்டதோட சரி. அப்புறம் ஒண்ணு கூடப் போடல. உனக்குத்தான் தெரியுமே, குப்பைல போட்டேனே. அந்த ஆளு முகத்துக்கு நேரா எப்படிச் சொல்றதுன்னு..." இருமினார். "வெட்டுறதுன்னா வெட்டட்டும். என் திமிருக்கு அது வேணும்."

அவள் மழையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நீங்க பொய் சொல்லல. போட்டீங்க."

"என்ன சொல்ற?"

"தினமும் போட்டீங்க. பால்ல."

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். பக்கத்தில் குடை விரித்துக்கொண்டிருந்த ஆள் சட்டென்று வேறு பக்கம் நகர்ந்துகொண்டார்.

"எனக்குத் தெரியாம என் வயித்துல போட்டியா?"

"ஆமா."

"ரெண்டு மாசமா?"

"ரெண்டு மாசமா. தாள் கூட வெச்சுப் பார்த்தீங்களே."

அவர் முகம் கறுத்தது. கையை ஓங்குகிற ஆள் இல்லை, கத்துகிற ஆளும் இல்லை. சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "ஊர்ல எல்லாத்தையும் சந்தேகப்பட்டேன். உன்னைப் படல," என்றார்.

அது அவள் நெஞ்சில் தைத்தது. அடித்திருந்தால்கூட இப்படி வலித்திருக்காது. "சாகட்டும்னு விட்டுடச் சொல்றீங்களா?" என்று கேட்டாள். அவர் மழையில் இறங்கினார். அவர் முன்னால், அவள் பின்னால் என்று கொஞ்ச தூரம் நடந்தார்கள்.

வழியில் மருந்துக்கடை. டாக்டர் எழுதிக் கொடுத்த வலி மருந்தை வாங்க நின்றார்கள். கடை அக்கா இரண்டு முகத்தையும் பார்த்துவிட்டு ஸ்டூலைத் தள்ளிப் போட்டாள். இவளுக்குத் தாங்கவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள், குப்பி, குப்பைக் கூடை, பால் எல்லாம்.

அக்கா குறுக்கே பேசாமல் கேட்டாள். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள். "பால்ல எப்படிம்மா போட்ட? திறந்து அப்படியே கொட்டினியா?"

"அப்படியே கொட்டினா கரையாதேக்கா. கரண்டில நல்லா அரைச்சுத்தான்."

அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கீழே வைத்தாள்.

"அரைச்சிட்டியா," என்றாள். "அரைக்கவே கூடாதும்மா. அந்த உருண்டை ஒவ்வொண்ணு மேலயும் பூச்சு பூசியிருப்பாங்க. அமிலத்துல கரையாத பூச்சு. உள்ள இருக்கிற மருந்து அமிலம் பட்டா கெட்டுப் போயிடும். அதான் பூச்சு. அது வயித்துல கரையக் கூடாது. தாண்டிக் குடலுக்குப் போய்தான் கரையணும்."

"குடல்ல கரைஞ்சு?" என்று கேட்டது அவர்.

"குடல்ல கரைஞ்சு ரத்தத்துல ஏறி, சுத்தி வந்து வயித்துச் சுவருக்குப் போகும் அண்ணே. அமிலத்த ஊத்துற குட்டிக் குட்டி பம்ப் அங்கதான் இருக்கு. அந்தப் பம்ப்பப் போய்ப் பூட்டும். நீங்க மெல்ற சுண்ணாம்பு, ஏற்கெனவே ஊத்தின அமிலத்த அடக்கும், அவ்வளவுதான். பம்ப் பாட்டுக்கு ஊத்திக்கிட்டே இருக்கும். இது வெளிய வந்த அமிலத்தத் தொடவே தொடாது. உங்க குப்பில பம்ப் ஏதுண்ணே? அதுல இது என்ன வேலை செய்யும்?"

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அதுவும் ஓடுற பம்ப்பத்தான் பூட்டும். சாப்பாடு உள்ள போனாதான் பம்ப் எல்லாம் ஓட ஆரம்பிக்கும். அதுக்குத்தான் காலைல சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால போடச் சொல்றது. போட்ட அன்னைக்கே குளுகுளுன்னு இருக்காது, நாலஞ்சு நாள் ஆகும். டாக்டர் சொல்லலையா?"

"சொன்னாரு," என்றார் அவர், தரையைப் பார்த்தபடி. "முழுசா முழுங்கணும், சாப்பாட்டுக்கு முன்னாடின்னு சொன்னாரு. நான்தான் இவகிட்ட சொல்லல."

அவள் மனசுக்குள் எண்ணிப் பார்த்தாள். அறுபது நாள். ஒரு உருண்டை மிச்சமில்லாமல் பார்த்துப் பார்த்து அரைத்தாள். அவ்வளவு சிரத்தையாக அரைக்காமல் சோம்பேறித்தனம் பண்ணியிருந்தால்கூடப் பாதி மருந்தாவது போய்ச் சேர்ந்திருக்குமே என்று நினைத்தாள். "நானே கெடுத்துட்டேன்," என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவர் ஸ்டூலிலிருந்து எழுந்திருக்கவில்லை. கடை வாசலில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே பேச ஆரம்பித்தார். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை.

"குழாயத் திருகி மாட்டுற எடத்துல மரை இருக்கும்ல, மரையை அமிலம் தின்னுடக் கூடாதுன்னு சிவப்பு அரக்கு பூசித்தான் தொட்டில இறக்குவோம். சாயங்காலம் தூக்கினா அரக்கு அப்படியே இருக்கும். இருந்தாதான் நல்ல அரக்கு. கரைஞ்சா கடைக்காரனுக்குத் திருப்பி அனுப்பிடுவேன்." நிறுத்தினார். "இருபத்தாறு வருஷமா என் கையால பூசுறேன். அதே பூச்சு மேல மருந்துன்னு எழுதியிருந்ததும் எனக்குத் தெரியாமப் போச்சு."

பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"நீ அரைச்சதுக்குக் காரணமே நான்தான். கரையலன்னு குப்பியக் குலுக்கிக் காட்டினது யாரு? அழாத."

அவர்தான் முதலில் எழுந்தார். டாக்டர் கிளம்புவதற்குள் பிடிக்க வேண்டும் என்று அந்த மழையில் திரும்ப நடந்தார்கள். இந்தத் தடவை ஒன்றாக நடந்தார்கள். டாக்டர் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டிருந்தார். நின்றபடியே முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு உட்கார்ந்தார்.

"ரெண்டு பேரும் சேர்ந்து எனக்கு நல்லா ஆட்டம் காட்டியிருக்கீங்க," என்றார். கோபம்தான். கடிதத்தைக் கையை நீட்டித் திரும்ப வாங்கினார். "இதக் கிழிக்கல. மேஜைல வைக்கிறேன். வெள்ளிக்கிழமை வர்ற ரிசல்ட்ல கெட்டது எதுவும் இல்லன்னா, ரெண்டு மாசம் மருந்து ஒழுங்காப் போட்டுப் பார்க்கலாம். சுருக்கத்த விரிச்சு விடலாம். ஆபரேஷன் வேண்டாமாவே போகலாம்."

"கெட்டது இருந்தா?" என்று அவள் கேட்டாள்.

"இருந்தா வேற பேச்சு பேசணும்மா."

எழுந்து வரும்போது, கேப்சூல் தொண்டையில் நிற்குமோ என்று அவள் கேட்டதற்கு, அப்படியானால் திறந்து மசித்த பழத்தில் தூவிக் கொடுக்கலாம், உருண்டையை மட்டும் உடைக்கக் கூடாது, மெல்லவும் கூடாது என்றார் டாக்டர்.

வியாழக்கிழமை காலை ஆறரை மணி. தூக்கத்தில் புளிப்பு மேலே ஏறாமல் இருக்கக் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அவர் முந்தின நாளே செங்கல் கொடுத்து உயர்த்தியிருந்தார். சுண்ணாம்பு மாத்திரை டப்பா மேஜைமேல் மூடியபடி இருந்தது. அவள் வாழைப்பழத்தைக் கூழாக மசித்து, ஒரு கரண்டியில் எடுத்து, அவர் கண் முன்னாலேயே கேப்சூலைத் திருகினாள். வெள்ளை உருண்டைகள் பழத்தின்மேல் சிதறின. அன்றைக்குக் குப்பியில் கிடந்த அதே மாதிரிதான். அவர் குனிந்து பார்த்தார், வெகுநேரம் பார்த்தார்.

"குடு," என்றார்.

மெல்லாமல் முழுங்கினார். நெஞ்சில் கொஞ்சம் நின்றது. கண்ணை மூடிக்கொண்டார். தண்ணீர் குடித்தார். போய்விட்டது என்று தலையை ஆட்டினார்.

அவள் அடுப்பில் கஞ்சியை வைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். மெஷினைத் தொடவில்லை. மழை இல்லை, கூரையிலிருந்து மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. அரை மணி நேரம் போக வேண்டும். அதற்கப்புறம் வெள்ளிக்கிழமை வர வேண்டும். எது சீக்கிரம் போகும் என்று அவளுக்குத் தெரியவில்லை. பயமாக இருந்தது. அவருக்கும் பயம்தான், பாதம் ஆடிக்கொண்டே இருந்தது.

"இப்ப எங்க இருக்கும்?" என்று கேட்டார்.

"வயித்துலதான் கிடக்கும்."

"அமிலத்துல."

"ஆமா."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு மேஜைமேல் இருந்த அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கரையாமப் போகட்டும்," என்றார்.